எலி சொன்ன சாட்சி

தையற்காரத் தம்பிக்குப் பிறவியிலேயே எலும்பு வளர்ச்சிக் குறைபாடு. முக்காலியில் ஏறி நின்றுதான் துணி வெட்டுவான். எவ்வளவு கசப்பான மருந்தையும் தண்ணீராய்க் குடித்துவிட்டு, “கசக்கவே இல்ல” என்பான். வீட்டில் அதை வீம்பென்றே நினைத்தார்கள்.

அவனுடைய எலும்பைக் குட்டையாக்கிய மரபணுவைத்தான் அக்கா ஆய்வகத்தில் ஆராய்ந்தாள். ஒருநாள், எலி நாக்கின் சுவைச் செல்களிலும் அதே மரபணு வேலை செய்வதைக் கண்டாள். அந்த மரபணு பழுதான எலிகளுக்குக் கசப்பு நீர் வைத்தாள். அவை சளைக்காமல் குடித்தன. உடனே தம்பிக்குப் போன் செய்தாள்.

“டேய், உன் நாக்குக்கு நிஜமாவே கசப்பு தெரியாதுபோல.”

“நான் தொண்டைத்தண்ணி வத்தச் சொன்னப்போ யாரும் நம்பல. எலி சொன்னாதான் நம்புவீங்களா?”

தம்பியின் பக்கத்தில் பொத்தான் தைத்தபடி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “அப்போ நான் கருகவிட்டதையெல்லாம் நல்லாருக்குன்னு சொன்னியே?”

“எனக்கு நல்லாத்தாம்மா இருந்துச்சு.”

மூவரும் சிரித்த சிரிப்பில், சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவரும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.