கரைத்த சாமிகள்

குமுதா அப்பாவின் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டாள். கடிதங்கள் இருந்தன, கட்டுரைகள் இருந்தன, மக்கிப்போன பேருந்துச் சீட்டுகள்கூட இருந்தன. படங்களை மட்டும் காணோம்.

அவள் அப்பாவின் பெயர் பத்துமலை; கலை வரலாற்று ஆய்வாளர். மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டக் கோயில் சுவர்களில் பால்மரம் வெட்டியவர்கள் வரைந்து வைத்த சாமிகளைத் தேடித் தேடிப் படம் பிடித்தவர். 'இதெல்லாம் ஓர் ஓவியமா?' என்று சிரித்த பெரிய மனிதர்களோடு ஆயுசுக்கும் மல்லுக்கட்டியவர். தோட்டங்களை விற்றார்கள், எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள், கோயில்களை இடித்தார்கள். போதாக்குறைக்குப் படச்சுருளையெல்லாம் பூஞ்சை தின்றது. மிஞ்சியது சாமிக்கு ஒன்றாக அந்தப் படக்கட்டு மட்டும்தான். ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும் குமுதாவின் கையைப் பிடித்து, "படத்த மட்டும் உட்டுறாதம்மா" என்றுதான் சொன்னார்.

காம்பார் நகரிலிருந்து பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தின் வேன் கிளம்பிவிட்டது. அவர்கள் வருவதே படங்களுக்காகத்தான். படம் இல்லையென்றால் அப்பா எழுதியதெல்லாம் வெறும் வாய்ச்சொல்.

"அம்மா, படக்கட்டு எங்க?"

துளசி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் நிம்மதி வேறு.

"சாமி படமா? நேத்து சாயங்காலம் ஆத்துல உட்டுட்டேன். சாவு வீட்டுல கெடந்தது, ஓரமெல்லாம் கிழிஞ்சு வேற போச்சு. சாமிய பெட்டியில அடைச்சு ஆபீஸ்ல போட்டா பாவம்லா. எந்தச் சாமின்னுகூட பாக்காம அப்படியே மஞ்சத் துணியில எடுத்துட்டுப் போயி, சூடம் காட்டி, கண்ண மூடிக்கிட்டு கொட்டிட்டேன். உங்கப்பாவ கரைச்ச எடத்துலதான்."

பக்தியோடு செய்ததை யார் என்ன சொல்ல முடியும்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. குமுதா ஓடிப்போய்க் கார் சாவியை எடுத்தாள். துளசியும் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே ஏறிக்கொண்டாள்.

கிந்தா ஆறு மழைநீரில் கலங்கி ஓடியது. கரையோர மூங்கில் வேர்களில் குப்பையோடு குப்பையாக நாலைந்து தாள்கள் சிக்கியிருந்தன. குமுதா செருப்போடு இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர்.

"ஏறி வாடி! தண்ணியில உட்ட சாமிய திருப்பி எடுக்கக்கூடாது! குடும்பத்துக்கு ஆவாது!" கரையிலிருந்து துளசி கத்தினாள்.

குமுதா காதில் வாங்கவில்லை. முதல் தாளைத் தூக்கினாள். அது வெள்ளையாக இருந்தது. இரண்டாவதில் விரல் பட்டதும் படம் பாலாடை போல வழுக்கிக்கொண்டு தண்ணீரோடு போனது. மூன்றாவதும் அப்படியே. "அப்பா, அப்பா" என்று அவள் வாய்விட்டு அழுதாள். கரையில் வைத்த பையில் கைப்பேசி அலறத் தொடங்கியது. வேன்காரனாகத்தான் இருக்கும்.

நான்காவது தாளை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தாள். அதில் பாதி முகம் ஒட்டியிருந்தது. நீண்ட நாக்கு, உருண்டையாக ஒற்றைக் கண்.

திட்டிக்கொண்டே குனிந்த துளசி பேச்சை நிறுத்தினாள்.

"இது எங்க தோட்டத்து காளியம்மா."

"என்னம்மா?"

"ஐயாவு மாமா வரைஞ்சது. இந்தக் கண்ணு மட்டும் பெருசா வந்துருச்சுன்னு எல்லாரும் சிரிப்போம். இவ முன்னாலதான் உங்கப்பா எனக்குத் தாலி கட்டுனாரு. கோயில ஒடைச்சப்ப நான் மூணு நாளு சாப்புடல. இவ இந்தக் கட்டுலயா இருந்தா?"

அவள் தொடப் போனாள். தொடுமுன்பே அந்தக் கண் நழுவி, குமுதாவின் மணிக்கட்டில் கறுப்பாக வழிந்தது.

துளசி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, விறுவிறுவென்று ஆற்றில் இறங்கினாள். மூங்கில் வேருக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள்.

"இன்னொண்ணு இருக்கும்ல, குமுதா? உங்கப்பா ரெண்டு மூணு எடுத்திருப்பாரு. இருக்கும்ல?"

சாமிக்கு ஒன்றுதான் என்று குமுதாவுக்குத் தெரியும்.

"தேடலாம்மா" என்று சொல்லிவிட்டு அவளும் மறுபடி இறங்கினாள்.