குண்டாங்கல்லின் நடை

அந்த வீடியோ விளையாட்டில் மொத்தம் நூற்று எண்பது பிராணிகள். காட்டிலும் ஆற்றிலும் குகையிலும் தேடி அலைந்து அவற்றைப் பிடிக்க வேண்டும், பழக்க வேண்டும், பிறகு மற்றவர்களின் பிராணிகளோடு மோதவிட வேண்டும். நூற்று எழுபத்தொன்பது தயாராகிவிட்டன. குண்டாங்கல் மட்டும்தான் பாக்கி.

பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மூட்டை அளவுக்கு உருண்டையான பாறை உடம்பு, குட்டைக் கால்கள், உச்சந்தலையில் ஒரு பிடி பாசி, கண்களுக்குப் பதில் மினுமினுக்கும் இரண்டு காக்காப்பொன் துண்டுகள். வரைந்தவர் கைராசிக்காரர். ஆனால் நடக்க வைத்தால் எல்லாம் கெட்டுவிடும். அந்த வேலை அவளுடையது. பிராணிகள் நடப்பது, ஓடுவது, விழுவது, எழுவது எல்லாம் அவள் பொறுப்பு. அதனால் அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'நடையக்கா' என்றே கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட.

ஏழாவது முறையாகச் செய்து காட்டியபோது டீம் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படித் துடைத்தால் திருப்தி இல்லை என்று அர்த்தம்.

"இது கல்லு மாதிரி இல்லையேம்மா. அட்டைப்பெட்டிக்குள்ள யாரோ ஒளிஞ்சுகிட்டு நடக்கற மாதிரி இருக்கு. கனம் எங்க?"

அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. கனமான ஒன்று நடந்தால் மெதுவாக நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மெதுவாக வந்ததே தவிர, கனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் தம்பி ஒரு ஸ்க்ரூவைக் கீழே போட்டுவிட்டான்.

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவன் வேலை. விட்டுப்போன காதுப்பட்டைகளை வீட்டுக்கே கொண்டுவந்து சரிசெய்வான். அப்பாவும் அம்மாவும் இரண்டு வருட இடைவெளியில் போய்ச் சேர்ந்தபின், மூன்றாவது மாடி வீட்டில் அவர்கள் இருவர்தான். கல்யாணம் அவள் பக்கம் வரவில்லை, அவளும் அதைத் தேடிப் போகவில்லை. அவனுக்கு இருபத்தாறு வயதில் அந்த நோய் வெளியே தெரிந்தது. இடுப்புத் தசைகளில் தொடங்கி, உடம்பு முழுக்க ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போகும் நோய். "மெதுவாத்தான் போகும். ஆனா போனது திரும்பி வராது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது நடந்து நான்கு வருடம் ஆகிறது.

எள் அளவு ஸ்க்ரூ. அதைத் தேடி எடுத்தபின் அவன் தரையிலிருந்து எழுந்தான். முதலில் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினான். பின்புறம் மேலே வந்தது. ஒரு கையை முழங்காலில் வைத்தான், மறுகையைத் தொடையில் வைத்தான், பிறகு முதல் கையை இன்னும் மேலே. தன் உடம்பின் மேல் தானே ஏறி வருவதுபோல் மெல்ல மெல்ல நிமிர்ந்தான். நிமிர்ந்ததும் ஒரு நொடி அப்படியே நின்று, உடம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து முதல் அடியை எடுத்து வைத்தான்.

நான்கு வருடமாகத் தினமும் பார்க்கிற காட்சிதான். அன்று அவள் வேறு கண்ணால் பார்த்தாள்.

"டேய், அந்த வராந்தா வரைக்கும் போய்ட்டு வா. புது போன்ல கேமரா எப்படி இருக்குன்னு பாக்கறேன்" என்றாள்.

அவன் போய்விட்டு வந்தான். "தெளிவா இருக்கா?" என்று கேட்டான். "ரொம்ப" என்றாள். அன்று அவள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

மறுவாரம் டீம் தலைவர் திரையைப் பார்த்தார். குண்டாங்கல் அடி வாங்கி உருண்டு விழுந்தது. கைகளை ஊன்றியது. தன்மேல் தானே ஏறி எழுந்தது. பாசித் தலை கொஞ்சம் ஆடியது. பக்கவாட்டில் சாய்ந்து ஓர் அடி வைத்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் தொடவே இல்லை. "எங்கேருந்து பிடிச்சீங்க இத?" என்றார். "சும்மா, யோசிச்சேன்" என்றாள்.

விளையாட்டு வெளிவந்ததும் யாரும் எதிர்பாராதது நடந்தது. நெருப்புக் கக்குவதையும் இறக்கை உள்ளதையும் விட்டுவிட்டுக் குழந்தைகள் குண்டாங்கல்லைப் பிடிக்க ஓடினார்கள். அது பலசாலி இல்லை, தண்ணீர் பட்டால் பாதி உயிர் போய்விடும். ஆனால் எத்தனை முறை விழுந்தாலும் அது எழும் விதம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூட வாசல்களில் பிள்ளைகள் தொடையில் கை வைத்துக் குண்டாங்கல்போல் எழுந்து காட்டிச் சிரித்தார்கள். அலுவலகத்தில் அவளுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். அதை அவள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

தம்பிக்கு விளையாட்டுகளில் ஆர்வம் கிடையாது. அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "பொம்மைக்கு நடக்கச் சொல்லித் தர்றா" என்பான். அதோடு சரி.

ஒன்பது மாதம் கழித்து, எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமி புதுக் கண்ணாடி வாங்க அம்மாவோடு கடைக்கு வந்தாள். காதில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கத் தம்பியே கடை மாடியிலிருந்த தன் அறையிலிருந்து இறங்கி வந்து, அவள் முன்னால் மண்டியிட்டுக் காதுப்பட்டையை வளைத்துச் சரிசெய்தான். பிறகு மேஜையைப் பிடித்து, முழங்காலைப் பிடித்து எழுந்தான். புதுக் கண்ணாடி வழியாக அந்தப் பெண் முதன்முதலில் தெளிவாகப் பார்த்தது அதைத்தான்.

"அம்மா, இந்த மாமா குண்டாங்கல் மாதிரியே எந்திரிக்கறாரு."

தாய் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். தம்பி சிரித்துக்கொண்டே, "அது யாரு குண்டாங்கல்லு? காட்டு பாக்கலாம்" என்றான். சிறுமி பையிலிருந்து விளையாட்டுக் கருவியை எடுத்துக் காட்டினாள். அவன் மூன்று முறை அதை விழச் செய்து, மூன்று முறை எழுவதைப் பார்த்தான். "நல்லா வளத்திருக்கியே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கேமரா தெளிவா இருக்கான்னு பாத்தியே, இதுக்குத்தானா?"

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ உஷாராயிடுவ. நடை மாறிப்போயிடும்" என்றாள். அது உண்மை. ஆனால் சொல்லியிருக்கக் கூடாத உண்மை. சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவனால் பொத்தென்றுதான் உட்கார முடியும். "தெருவுல போறவங்க எல்லாரும் பாப்பாங்க. பாக்காத மாதிரி பாப்பாங்க. அது பழகிடுச்சு. வீட்டுக்குள்ள வந்தா யாரும் பாக்கலன்னு ஒரு நிம்மதி இருந்துச்சு. நீயும் பாத்துக்கிட்டுதான் இருந்திருக்க."

"தப்புதான்டா."

"நல்லா வந்திருக்கு" என்றான் அவன். "அதான் கஷ்டமா இருக்கு."

அதன்பின் அவன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சாப்பாடு ஆச்சா, லிப்ட் வேலை செய்யுதா, கரண்ட் பில் வந்துச்சா என்று தேவையானதை மட்டும் பேசினான். அதைவிட, அவள் எதிரில் நடப்பதைக் குறைத்துக்கொண்டான். அவள் கூடத்தில் இருந்தால் தண்ணீர் குடிக்கக்கூட எழ மாட்டான். சமையலறைக்குள் அவள் போன பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் போகும் சத்தம் கேட்கும்.

இரண்டு மாதம் பொறுத்தாள். பிறகு டீம் தலைவரிடம் போய், இரண்டாம் பதிப்பில் குண்டாங்கல்லின் நடையை மாற்றிவிடலாம் என்றாள். எழ நேரமாகிறது, மோதலில் தோற்றுப்போகிறது என்று சில பெரிய பையன்கள் குறை சொல்லிக்கொண்டிருந்ததால், அவரும் யோசித்துவிட்டுச் சரியென்றார். அவள் அதை உருள வைத்தாள். விழுந்தால் பந்துபோல் துள்ளி எழும். ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது.

முடித்த அன்று மதியம், அலுவலகக் கணினியிலும் தன் போனிலும் இருந்த, தம்பி வராந்தாவில் நடந்த அந்தப் பதினான்கு நொடிப் படத்தை அழித்தாள். இன்னும் எங்காவது நகல் இருக்கிறதா என்று தேடித் தேடி அழித்தாள். மன்னிப்புக் கேட்பதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

"மாத்திட்டேன்டா. அது இப்ப அப்படி நடக்காது" என்று வீட்டில் சொன்னாள்.

"ம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்ட்டியா?" என்று கேட்டான். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பி வந்தது.

டாக்டர் மெதுவாகத்தான் போகும் என்றார். அடுத்த இரண்டு வருடம் அது மெதுவாகப் போகவில்லை. முதலில் கடையின் படிகள் அவனுக்கு முடியாமல் போயின. முதலாளி நல்ல மனிதர். வேலையை வீட்டுக்கே அனுப்பி வைத்தார். பிறகு ஊன்றுகோல் வந்தது. பிறகு சக்கர நாற்காலி. விரல்கள் மட்டும் இன்னும் அவன் சொன்னபடி கேட்டன. ஜன்னலோரம் மேஜையில் முழங்கையை ஊன்றி, லென்ஸ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் அவனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"அக்கா, கனவுல நான் தினம் நடக்கறேன்."

"அப்படியா?"

"ஆனா அது என் நடை இல்ல. யாரோ ஒருத்தன் மாதிரி சாதாரணமா நடக்கறேன். நான் எப்படி நடப்பேன்னு எனக்கே மறந்துபோச்சு." நிறுத்திவிட்டு, கூச்சத்தோடு கேட்டான். "அந்தப் பழைய குண்டாங்கல்லு இருக்கா? ஒரு தடவ பாக்கணும்."

மறுநாளே அலுவலக அலமாரியிலிருந்து முதல் பதிப்பைக் கொண்டுவந்தாள். குகை வரைக்கும் விளையாடிப் போய், குண்டாங்கல்லைப் பிடித்து, நடக்கவிட்டு அவன் கையில் கொடுத்தாள். அவன் முகத்தை அருகில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"இது நான் இல்லையே."

"நீதான்டா. உன்னப் பாத்துதான் செஞ்சேன்."

"எல்லா அடியும் ஒரே மாதிரி இருக்கு பாரு."

அவள் பார்த்தாள். விளையாட்டுக்கு இரண்டே அடிதான் செய்வார்கள்; அதையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அவனுடைய பதினான்கு நொடிகளிலிருந்து மிக அழகான இரண்டு அடியை எடுத்து, பிசிறு நீக்கி, கோத்திருந்தாள்.

"எனக்கு ஒரு அடி மாதிரி இன்னொரு அடி வராது. ஒவ்வொன்னுக்கும் தனியா யோசிக்கணும். அந்தப் படத்தக் காட்டு, போன்ல எடுத்தியே."

அவள் போனை எடுக்கவே இல்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அழிச்சிட்டேன்டா."

"எப்போ?"

"நடைய மாத்தின அன்னிக்கே. உனக்காகத்தான்..."

வேறு படம் எதுவும் இல்லை. நோய் வந்தபின் அவன் கேமரா முன் நடந்ததே இல்லை. கல்யாண வீடுகளில் எடுத்த படங்களில்கூட உட்கார்ந்துதான் இருந்தான். அவன் கருவியை அணைத்து மடியில் வைத்துக்கொண்டான். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவன் அழுதான். அம்மா போனபோதுகூட அவள் முன் அழாதவன். கண்ணைத் துடைக்கக் கை முழுதாக மேலே வரவில்லை, அவள்தான் துடைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போனாள். இடுப்பைச் சாய்த்தாள். வயிற்றை முன்னால் தள்ளினாள். நடந்து வந்தாள்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "ரொம்ப சாயற. வாத்து மாதிரி இருக்கு."

திரும்பிப் போய் மறுபடி வந்தாள்.

"இடது காலு அவ்ளோ தூக்காது. தோள் முதல்ல போகும், கால் பின்னாடி வரும். அக்கா, நீ காலால நடக்கற. நான் தோளால நடப்பேன்."

பல ஞாயிறுகள் அப்படிப் போயின. அவள் முழங்கால் வீங்கியது. சில நாள் அவன் எரிச்சலில் "விடு, வராது உனக்கு" என்பான். சில நாள் இருவரும் சிரித்து ஓய்வார்கள். ஒருநாள் அவள் தரையிலிருந்து தொடையைப் பிடித்து எழுந்து, நின்று, உடம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, நான்கு அடி வைத்தாள். அவன் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "மூணாவது அடி" என்றான். "அந்த மூணாவது அடி நான்."

"இத போன்ல எடுத்து வைக்கட்டுமாடா?"

"வேணாம். பாக்கறவங்க உனக்கு என்னமோ ஆச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

மூன்றாவது அடியைத் திரும்ப வைக்க அவள் எவ்வளவோ முயன்றாள். அன்று வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

நோய் நெஞ்சுத் தசைகளுக்கு வந்தது. மழைக்காலத்தின் தொடக்கத்தில், ஆஸ்பத்திரியில், காலைச் சாப்பாட்டு வண்டி வரும் நேரத்தில் அவன் போய்விட்டான். அவனுக்கு முப்பத்துநான்கு வயது.

பத்து நாள் கழித்துக் கண்ணாடிக்கடை முதலாளி வீட்டுக்கு வந்தார். தம்பியின் சின்ன இடுக்கி, ஸ்க்ரூ டப்பா, தேய்ப்புக் கல் எல்லாவற்றையும் ஒரு பழைய கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். டீ ஆறும்வரை பெட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"மேல அவன் ரூமுக்குப் பதினோரு படி. நான் கீழ கல்லாப்பெட்டிகிட்ட உக்காந்திருப்பேன். அவன் ஏறினா நிமிந்து பாக்க மாட்டேன், அவனுக்குப் பிடிக்காதுன்னு. ஆனா காது அங்கேயேதான் இருக்கும். எங்கயாவது விழுந்துடுவானோன்னு."

அவர் மேஜைமேல் விரலால் தட்டினார். கனமாக ஒன்று. கொஞ்சம் இடைவெளி. இழுத்து ஒன்று. சட்டென்று இரண்டு. பிறகு நீண்ட நேரம் எதுவுமில்லை, அவரும் விரலைத் தூக்கியபடியே காத்திருந்தார். பிறகு மறுபடி கனமாக ஒன்று. பதினோரு படியையும் தட்டினார். எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தடவ தட்டுங்க" என்றாள்.

அவர் முதல் படியிலிருந்து தொடங்கினார்.