அடிமாட்டு விலைக்கு ஒரு பேனா

கணக்கு வாத்தியாருக்குப் பேனாப் பைத்தியம். கம்பெனி தயாரிப்பை நிறுத்திப் பதினைந்து வருஷமாகிவிட்ட ஒரு பச்சை நிறப் பேனாவை அவர் இணையத்தில் தேடாத நாளில்லை. ஒருநாள் பழைய சாமான் விற்கும் பக்கத்தில் அது கண்ணில் பட்டது. மிக்ஸி, சக்கர நாற்காலி, போர்வைகளுக்கு நடுவே "கணவரின் பேனா" என்று போட்டிருந்தது. கேட்ட விலையே கொள்ளை மலிவு. கேட்டதைக் கொடுத்து வாங்கியிருந்தால் மனுஷன். பேரம் பேசாமல் வாங்கினால் இவருக்குச் சோறு இறங்காதே!

போனைப் போட்டார். எடுத்த அம்மாவின் குரலில் உயிரே இல்லை.

"இந்த மாடலை ஏன் நிறுத்தினாங்க தெரியுமாம்மா? மை ஒழுகும். நிப்பு உடைஞ்சா மாத்த வழியில்லை. சும்மா குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான், குப்பை. ஏதோ ஆசைக்குக் கேக்கறேன், பாதிக்குக் குடுங்க."

ஒரு வார்த்தை நிஜமில்லை. அந்த அம்மா, "சரிங்க சார், வந்து எடுத்துக்கங்க" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே போனார். மூன்றாவது மாடி. வீட்டில் பாதிச் சாமான் போய்விட்டது. கட்டில் கிடந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்துத் தெரிந்தது. பேனாவைத் திருகிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உள்ளுக்குள் குதித்தார்.

"இது மாதிரி வேற ஏதாவது இருக்காம்மா?"

"ஒரு பெட்டி நிறைய இருந்துச்சு சார். ஒண்ணு போனா ஒண்ணுன்னு விக்கலாம்னு இருந்தேன். நீங்க குப்பைன்னு சொன்னதும், இன்னிக்குக் காலையில வந்த குப்பை வண்டியில போட்டுட்டேன்."

அந்தப் பெட்டியில் எத்தனை இருந்திருக்கும் என்று வாத்தியார் கணக்குப் போட்டார். போன பேனாக்களுக்காகத்தான் முதலில் வருத்தப்பட்டார். அதை மறைத்துப் பயனில்லை.

"வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கிடந்தப்ப வைத்தியத்துக்கு விப்போம்னு கெஞ்சினேன் சார். தொடவிடலை. 'எனக்கு வேணாம், என் காலத்துக்கப்புறம் இதுதான் உனக்குச் சோறு போடும்'னுட்டார். எவனோ நல்லா ஏமாத்தி அவர் தலையில கட்டியிருக்கான். அது தெரியாமலே போய்ச் சேர்ந்துட்டார். பாவம், விவரம் பத்தாத மனுஷன். இல்லையா சார்?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் தன் கணவர் விவரமான மனுஷர் என்றாவது இவளுக்குத் தெரியும். கூடவே, வாசலில் நிற்கிற இவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"ஆமாம்மா, பாவம்" என்றார்.