கிணற்றில் விழாத மணப்பெண்

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லாவற்றிலும் பட்டைப்பொடி விழும். காப்பியில் விழும், ரொட்டியில் விழும், மெழுகுவத்தியில்கூட விழும். பாஸ்டனிலிருந்து கார் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் சிவந்த இலைகளைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அவர்கள் ஊரில் இலையெல்லாம் நீலமாக உதிரும் போலிருக்கிறது. பூசணிக்காயோடு ஒரு போட்டோ, வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து ஒரு போட்டோ, அப்புறம் கை நிறைய டோனட். அந்த டோனட்டைச் சுடுகிறவள் நான்.

என் பெயர் பெர்னிஸ். கார்ட்ரைட்டின் ஆப்பிள் தோட்டத்தில் வேலை. ஆப்பிள் சாறு விட்டுப் பிசைந்த மாவை எண்ணெயில் பொரித்து, சர்க்கரையில் புரட்டிக் கொடுப்பேன். கார்ட்ரைட் எங்கள் ஊர்க்காரன் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் தோட்டத்தை வாங்கினான். வாங்கின வாரமே கட்டம் போட்ட சட்டை அரை டஜன் வாங்கி, தாடி வளர்த்து, விவசாயி ஆகிவிட்டான். அவன் ஏணியில் ஏறி ஓர் ஆப்பிள் பறித்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஹாலோவீன் வருகிற மாதம் முழுக்க, சனிக்கிழமைதோறும் பொழுது சாய்கிற நேரத்தில் தோட்டத்துப் பழைய கிணற்றடியில் நின்று பேய்க்கதை சொல்வான்.

கதை இதுதான். அறுபது வருடத்துக்கு முன்பு ஓடெட் என்று ஓர் அழகி. ஆல்டன் என்ற வாலிபன் மேல் உயிரையே வைத்திருந்தாள். கல்யாணத்தன்று காலையில், அவன் மனம் மாறிவிட்டான் என்று எவளோ ஒருத்தி பொறாமையில் சொன்ன பொய்யை நம்பி, வெள்ளைக் கவுனோடு இந்தக் கிணற்றில் குதித்துவிட்டாள். இன்றைக்கும் பனி இறங்குகிற மாலைகளில் ஆப்பிள் மரங்களுக்கு நடுவே, "ஆல்டன், ஆல்டன்" என்று கூப்பிட்டுக்கொண்டு அலைகிறாள்.

இந்த இடத்தில் கார்ட்ரைட் குரலை இறக்கி முன்வரிசையைப் பார்ப்பான். அங்கே ஆல்டன் உட்கார்ந்திருப்பார். நிஜ ஆல்டன். மாட்டுத்தீவனக் கடை நடத்தி ஓய்ந்தவர், எண்பதைத் தாண்டியவர். கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றுவார். பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். அவருக்குப் பூசணி கேக்கும் சூடான ஆப்பிள் சாறும் இலவசம். அந்தக் கைக்குட்டை ஒருநாளும் நனைந்ததில்லை. பக்கத்தில் நின்று பரிமாறுகிறவள் சொல்கிறேன்.

ஓடெட் கல்யாணத்தன்று காணாமல் போனது உண்மை. அந்தக் குளிர்காலமே அவள் வீட்டார் தலைகுனிவு தாங்காமல் கனடாவுக்குப் போய்விட்டார்கள். மறுத்துச் சொல்ல ஆளில்லை. கிணறு, ஆல்டன் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. பனியும் கூப்பிடுகிற குரலும் கார்ட்ரைட்டின் கைவேலை.

போன வருட வசந்தத்தில் என் வீட்டு மாடிக்கு ஒரு வயதான அம்மா குடிவந்தார். மூன்றாவது புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகு, பிறந்த ஊரில் கொஞ்ச நாள் இருக்கலாமே என்று வந்தவர். எல்லோரிடமும் மூன்றாவது புருஷனின் குடும்பப் பெயரை மட்டுமே சொன்னதால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒரு நாள் என் சமையலறையில் இருவரும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் ஆல்டனின் சோகத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்த ஓடெட் நான்தான். எனக்காக அழறானா அவன்?"

"சனிக்கிழமை தவறாம."

"கூட்டிட்டுப் போ. நான் எப்படிச் செத்தேன்னு எனக்கும் தெரியணும்ல."

அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை கூட்டிப் போனேன். எலும்புக்கூடு உடுப்பில் குழந்தைகள், சூனியக்காரித் தொப்பி போட்ட அம்மாக்கள், பூசணிக்காய்க்குள் விளக்கு. ஓடெட் பின்வரிசையில் உட்கார்ந்து, மடியில் டோனட் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, தன் சாவை முழுக்கக் கேட்டார். தான் குதித்த இடம் வந்தபோது இரண்டாவது டோனட்டை எடுத்தார்.

கதை முடிந்து கார்ட்ரைட் வழக்கம்போல், "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றான். ஓடெட் எழுந்து நின்றார்.

"கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அந்தப் பொண்ணு சாகல."

"அப்படியா மேடம்? நீங்க அவளப் பாத்திருக்கீங்களா?"

"தெனமும் பாக்கறேன். கண்ணாடியில."

கூட்டம் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். கைதட்டல் ஓயும்வரை ஓடெட் காத்திருந்தார்.

"நான்தான் ஓடெட். கெணத்துப் பக்கமே போகல. மொத பஸ்ஸப் பிடிச்சு ஆல்பனிக்குப் போயிட்டேன். கவுன் கட்டில் மேலதான் கெடந்துது."

இப்போது கைதட்டல் பலமாக வந்தது. நடிகை ஏற்பாடு செய்திருக்கிறான் என்றே நினைத்துவிட்டார்கள். தொப்பிக்காரி ஒருத்தி, "பேய்கூட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று ஓடிவந்தாள். கார்ட்ரைட்டின் முகத்தில் குழப்பம் வந்த வேகத்தில் சந்தோஷமும் வந்தது. அவனுக்கு உண்மை எந்தப் பக்கம் இருந்தாலும் கவலையில்லை, கூட்டம் இந்தப் பக்கம் இருந்தால் போதும்.

ஓடெட் முன்வரிசைக்கு நடந்து போய் ஆல்டனின் எதிரில் நின்றார்.

"ஏன் ஆல்டன், நீயாவது சொல்லேன்."

ஆல்டன் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது, அவர் காது இரண்டும் சிவந்ததை நான் பார்த்தேன். ஆனால் அவர் கைக்குட்டையை எடுத்தார்.

"நீங்க யாருன்னு தெரியலம்மா. என் ஓடெட் செத்து அறுபது வருஷமாச்சு."

பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு தோளைத் தடவினார்கள். ஒருத்தி ஓடெட்டைப் பார்த்து, "பெரியவர் மனச ஏம்மா இப்படி நோகடிக்கிறீங்க? வெளையாட்டுக்கும் ஒரு அளவு இல்லையா?" என்றாள். உயிரோடு ஒருத்தி எதிரில் நிற்க, செத்தவளுக்காக அழுகிறவன் பக்கம் ஒரு கூட்டமே சாய்ந்துவிட்டது.

ஓடெட் திரும்பி என் கடைக்கு வந்தார்.

"மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான் பாத்தியா."

"வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"போவோம். டோனட்ல பட்டை அதிகம், அத உங்க மொதலாளிகிட்ட சொல்லு."

மறு வேலைநாள் கார்ட்ரைட் என்னிடம் குழைந்தான். "அந்த அம்மா உங்க மாடிலதான இருக்காங்க? அடுத்த வருஷம் வாராவாரம் வரச் சொல்லுங்க பெர்னிஸ். ஒரு வெள்ளக் கவுன் மட்டும் மாட்டிக்கிட்டா போதும்." போய்ச் சொன்னேன். "மூணு கல்யாணத்துக்கு மூணு தடவ மாட்டியாச்சு. இந்தக் கோமாளிக்காக நாலாவது தடவையா?" என்றார் ஓடெட்.

நவம்பரில், மரங்களெல்லாம் மொட்டையாகி, பாஸ்டன் கார்கள் ஓய்ந்த பிறகு, ஒரு மத்தியானம் ஆல்டன் என் வாசலில் நின்றார். கையில் பூசணி கேக். பார்க்க யாரும் இல்லாததால் கைக்குட்டை வெளியே வரவில்லை. ஓடெட் படியிறங்கி வந்தார்.

"ஓடெட்," என்றார் ஆல்டன். இப்போது பெயர் தெரிந்திருந்தது. "இனிமே அங்க வந்து அப்படிப் பேசாத. இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கற மரியாதை அது ஒண்ணுதான்."

"ஒருத்தி உனக்காகச் செத்தாங்கிறதா மரியாதை?"

ஆல்டன் கேக்கை முன்னால் நீட்டினார்.

"சரி, வாய மூடிக்கறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் ஏன் போனேன்?"

ஆல்டன் வெகுநேரம் யோசித்தார். அறுபது வருடத்தில் அந்தக் கேள்வி அவருக்குள் ஒருமுறைகூட எழுந்ததில்லை என்பது அந்த யோசனையிலேயே தெரிந்தது. கடைசியில் சொன்னார்:

"உனக்கு என் மேல அவ்வளவு ஆச. தாங்க முடியாம பயந்துட்ட."

ஓடெட் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கி, "பயந்தது வாஸ்தவம். நீ பேசறத காலம் முழுக்கக் கேக்கணுமேன்னு பயந்தேன்," என்றார். கேக்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். நாங்கள் இருவரும் அதைச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல்.

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வராததால், வாக்குக் கொடுத்ததாக ஓடெட் நினைக்கவில்லை. அடுத்த அக்டோபரில் மாதா கோயில் கூடத்தில், தோட்டத்தில் கதை நடக்கிற அதே சனிக்கிழமை, தன் கதையைத் தானே சொல்லப்போவதாக அறிவித்தார். நான் லீவு போட்டுவிட்டு அங்கே டோனட் சுட்டேன், பட்டைப்பொடி போடாமல். சுமாராகக் கூட்டம் வந்தது. கல்யாணத்தன்று விடியலில் பின்பக்கக் கதவைத் திறந்தது, நாய் குரைக்காமல் இருக்க அதற்கு இறைச்சித்துண்டு போட்டது, பஸ் ஓட்டுநர் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தது எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். பாதியில் ஓர் ஆள் கையைத் தூக்கினான்.

"பேய் எப்பங்க வரும்?"

"இதுல பேய் வராது. பஸ்தான் வரும்," என்றார் ஓடெட்.

அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு எழுந்தான். தோட்டத்துக்குப் போனால் கிணற்றையாவது பிடித்துவிடலாம். அவனைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள், போகிறபோது மறக்காமல் டோனட் எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்தவர்களை முன்னால் வந்து உட்காரச் சொல்லிவிட்டு, ஆல்பனியில் இறங்கிய முதல் நாள் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவப் போனதை ஓடெட் சொல்லத் தொடங்கினார்.