ஜோலீன் இருந்தால் நாலு அறை

வெர்டெல் பெட்டிவேயின் வீட்டில் மூன்று அறைகள். வங்கியிலிருந்து மதிப்புப் போட ஆள் வந்தால் இரண்டு. வெர்டெல் கதவைத் திறந்து வாங்க என்றதுமே பின்பக்கத்து அறை சுவரோடு சுவராகப் போய்விடும். வந்தவர் நாடா பிடித்து அளந்து இரண்டு என்று எழுதிக்கொள்வார். அவர் கார் தெருமுனை திரும்பியதும் அறை கட்டில் மெத்தையோடு திரும்பி வந்துவிடும். மெம்பிஸில் எங்கள் தெருவில் கறுப்பர் வீடுகள் எல்லாவற்றுக்கும் இந்தச் சீக்கு உண்டு. மழைக்காலத்தில் கதவு இறுகுவதைப் போல அதையும் பழகிக்கொண்டோம்.

அந்த வருஷம் வெர்டெலுக்குப் பொறுக்கவில்லை. அவள் வேலை செய்த மீன் கடை விலைக்கு வந்திருந்தது. அங்கே வருஷக்கணக்காக அடுத்தவன் அடுப்பில் கெளுத்தி பொரித்தவள். வேறு யாராவது வாங்கினால் அந்த அடுப்பும் போய்விடும். இரண்டு அறை வீட்டை நம்பி வங்கி கடன் தராது. எனவே அதே கடையில் பாத்திரம் கழுவும் ஜோலீனைக் கூப்பிட்டாள். ஜோலீன் வெள்ளைக்காரி. சொத்தென்று இருந்தது ஒரு ஓட்டைக் கார், படுக்கையும் அதில்தான்.

"நான் வந்து நின்னா என்னக்கா ஆகப்போவுது? பெட்ரோல் போடவே வக்கில்லாதவ நான்."

"உன்கிட்ட ஒண்ணு இருக்குடி. அதை வெச்சுப் பொழைக்க உனக்கு ஒரு வீடுதான் இல்ல."

மதிப்புப் போடும் நாளில் வெர்டெல் சுவரிலிருந்த குடும்பப் படங்களையெல்லாம் கழற்றிக்கொண்டு எதிரே எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தாள். செத்துப்போன புருஷனின் படம் மடியில் கவிழ்ந்து கிடந்தது. அவமானமாக இருக்கிறது என்று சொல்லி அழுதாள். அங்கே ஜோலீன் வீட்டுக்காரி மாதிரி கதவைத் திறந்தாள். மூன்று அறையும் அசையாமல் நின்றன. பக்கவாட்டில் நாலாவதாக ஒன்று ஜன்னலும் திரையுமாக முளைத்தது. வந்தவர் அதையும் அளந்தார்.

கடன் கிடைத்தது, கடையும் கைக்கு வந்தது. ஆனால் ஜோலீன் வாசல் தாண்டினால் நாலாவது அறை போய்விடும், வந்தால் வரும். காரில் தூங்குவானேன், அதிலேயே இரு என்றாள் வெர்டெல். வாடகை விஷயத்தில்தான் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"மனை உன்னோடது அக்கா, அறை என்னோடது."

"ரெண்டுமே என்னோடதாத்தான் இருந்திருக்கணும்," என்றாள் வெர்டெல்.

அந்த மாதத்திலிருந்து ஜோலீன் வாடகை கொடுக்கிறாள்.

எப்போதாவது அவள் தன் தங்கையைப் பார்க்க டுபலோ ஊருக்குப் போவதுண்டு. கடைக்கான சோளமாவு மூட்டைகள் அந்த நாலாவது அறையில்தான் அடுக்கியிருக்கின்றன. அவள் கிளம்புவதற்குள் வேண்டிய மாவை வெர்டெல் வெளியே எடுத்து வைத்துவிடுகிறாள்.