மளவ்லியில் ஓர் ஆமென் பாக்கி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதைக்காக நான் எந்தக் குகைக்கும் போகவில்லை. 2001 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, லோனாவாலாவில் சிக்கி என்ற கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு புனே லோக்கலில் திரும்பிக்கொண்டிருந்தேன். மளவ்லி ஸ்டேஷனில் வண்டி நுழையும்போது பிளாட்பாரத்தில் ஒரு பெரியவர் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மகளின் கண்கள் மட்டும் அகலத் திறந்திருந்தன. ஜெபத்தின் நடுவில் யாரையம்மா தேடுகிறாய் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அதற்குள் கூட்டம் மறைத்துவிட்டது. அன்றோடு என் நிம்மதி போயிற்று.

2

தொடக்கம் ஒன்று: "ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சகியாத்ரி மலையைக் குடைந்த பிக்குகள், தங்கள் உளிகளை—"

வேண்டாம். மாப்பிள்ளை பார்க்கப் போகிற அந்தப் பிளாட்பாரத்துப் பெண்ணைப் பிக்குகளுக்குப் பின்னால் வரிசையில் நிறுத்துவது அநியாயம்.

தொடக்கம் இரண்டு: "ஹெலினாவுக்கு மாப்பிள்ளையின் ஒரு காது தெரியும்."

ஆகா, இது இருக்கட்டும்!

மாப்பிள்ளை ஜெரோஷுக்குத் தளேகாவ் தொழிற்சாலையில் வேலை. அவன் அம்மா பாக்கியவதி அனுப்பிய சர்ச் பிக்னிக் போட்டோவில், யாரோ ஒரு நெட்டையனுக்குப் பின்னால் அவனுடைய காது மட்டும் விழுந்திருந்தது. ஆனால் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்பா தேவநேசன் கடைக்குப் போயிருந்த ஒரு மாலை அவன் போன் செய்தான். "டாடி வெளிய போயிருக்காங்க" என்று சொல்லி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவன் சிரித்தால் சிரிப்பின் கடைசியில் ஒரு விக்கல் வந்தது. அதைக் கேட்பதற்காகவே அவனை மறுபடி மறுபடி சிரிக்க வைத்தாள். மறுநாள், டீச்சராக வேலை பார்க்கும் புனே கேம்ப் பகுதிப் பள்ளிக்கூடத்தில், கரும்பலகையில் கணக்குப் போடும்போது தானாகச் சிரித்து, பிள்ளைகள் முன்னால் மானம் போனது.

3

மாப்பிள்ளை பார்க்கக் குகை ஏன்? முன்பு ஒரு வரனை சர்ச்சில் வைத்துப் பார்த்தார்கள். அது தட்டிப்போனதும் சபை முழுக்க ஆறுதல் சொல்ல வந்துவிட்டது. "இந்த வாட்டி நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட இல்லாத இடம் வேணும், டாடி" என்றாள் ஹெலினா. புத்தர் குகையில் எந்தச் சபையார் வரப்போகிறார்? "மளவ்லியில எறங்கி புத்தர் குகைக்கு வந்திருங்க" என்று தேவநேசன் போனில் சொன்னார். பாக்கியவதியும் சரி என்றார்.

தேவநேசனுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. நம்மூர் நாசரேத்திலிருந்து புனேக்கு வந்து முப்பது வருஷமாகியும் மாறாதவை. ஒன்று, நல்ல காரியத்தில் தடங்கல் வந்தால் அது கர்த்தர் வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்வார். இரண்டு, ஜெபம் முடித்ததும் மகள் "ஆமென்" சொன்னால்தான் கண் திறப்பார். அவள் சொல்லாவிட்டால் ஜெபம் முடியவில்லை என்று பொருள்.

ஜெரோஷுக்குத் திங்கட்கிழமை ஜாம்ஷெட்பூருக்கு மாற்றல். ஆகவே இன்று விட்டால் விட்டதுதான்.

(தேவநேசனைக் கொஞ்சம் கறாராக எழுதிவிட்டேனோ? இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சம்பந்தி வீட்டுக்கென்று கேம்ப் பேக்கரியில் பிளம் கேக் வாங்கி, சிவாஜிநகரில் வண்டி ஏறியதிலிருந்து யாரையும் தொடவிடாமல் மடியிலேயே வைத்திருந்தார். மனுஷருக்கும் ஆசைதான்.)

4

கார்லா குகைக்கு ஏறும் மலைப்படிகளில், குகை வாசலில் இருக்கும் கோயிலுக்குப் பூவும் தேங்காயும் கோழியுமாக ஏகவீரா தேவி பக்தர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.* அந்த நெரிசலுக்குள் ஹெலினா தாவித் தாவி ஏறினாள். குகைக்குள் நுழைந்ததும் அப்பாவும் மகளும் அண்ணாந்து பார்த்தார்கள். இருபுறமும் தூண் வரிசை, மேலே வளைந்த மரச்சட்டங்கள், கடைசியில் தூபி. வாசல் வளைவு வழியாக வெளிச்சம் அதன்மேல் இறங்கியது.

"ஏட்டி, நம்ம சர்ச்சேதான்! பெஞ்சு போட்டா ஆராதன நடத்திரலாம்!" தேவநேசன் கேக்கை அணைத்தபடி ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்தார்.

ஹெலினா ஒவ்வொரு காதாகப் பார்த்தாள். ஒன்றும் பொருந்தவில்லை.

மத்தியானமாயிற்று. காவலாளியிடம் போய் இந்தியில் விசாரித்தாள். அவர் காலடியைக் காட்டி "இதர் பி ஹை" என்றார். பள்ளத்தாக்குக்கு அப்பால், ரயில்பாதைக்கு அந்தப் பக்கத்து மலையைக் காட்டி "உதர் பி ஹை. பாஜா" என்றார். அங்கேயும் இருக்கிறதாம், பாஜா குகை.

மளவ்லியில் இறங்கினால் இந்தப் பக்கமும் புத்தர் குகை, அந்தப் பக்கமும் புத்தர் குகை. எந்தக் குகை என்று இரண்டு வீட்டிலும் ஒருவரும் கேட்கவில்லை.

"டாடி, சலோ! ஆட்டோ புடிங்க!"

* படித்தவர்கள் சொன்னது. தவறிருந்தால் என்னைத் திட்டுங்கள், ஹெலினாவை விட்டுவிடுங்கள்.

5

இங்கே எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. இவர்கள் பாஜாவுக்குப் போகிற நேரத்தில், பாஜாவில் காத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரும் விஷயம் தெரிந்து கார்லாவுக்குக் கிளம்பினால்? எழுதியேவிட்டேன். நெடுஞ்சாலையில் இரண்டு ஆட்டோக்கள் எதிரும் புதிருமாகக் கடந்துபோயின.

"உங்களுக்கு வேற வேலையே இல்லியா சார்?" என்று என்னையே கேட்டாள் ஹெலினா. பாஜா படிகளில் மூச்சிரைக்க நின்றிருந்தாள். ஓர் அம்மாவும் மகனும் இப்போதுதான் எதிர்மலைக்குப் போனார்கள் என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

சமாதானமாக ஒரு முடிவு எழுதிக் காட்டினேன்: "ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று உணர்ந்த ஹெலினா, தூபியின் முன் அமைதியாக—"

"கிழிச்சுப் போடுங்க!"

கிழித்துவிட்டேன்.

6

ஆக, மாலை. மளவ்லி பிளாட்பாரம். இரண்டு மலைக் கூட்டமும் இங்கேதான் வந்து சேர வேண்டும். தளேகாவுக்கும் சிவாஜிநகருக்கும் ஒரே வண்டிதான். ஹெலினாவுக்கு அது தெரியும். அதனால்தான் கால் தரையில் நிற்கவில்லை.

"ரெண்டு தடவ தட்டிப் போச்சுட்டி. இதுக்கு மேல அடையாளம் வேணுமா? ஜெபம் பண்ணி முடிச்சிருவோம்" என்றார் தேவநேசன். கேக் பெட்டி நசுங்கியிருந்தது.

"டாடி, ஏக் மினிட்…"

அவர் கண்ணை மூடிவிட்டார். "பிதாவே, இந்தச் சம்பந்தம் உம்முடைய சித்தம் இல்லைன்னா, இத்தோட முடிச்சுக்கிடுதோம்…"

தூரத்தில் லோக்கல் தெரிந்தது. அதன் ஜன்னலோரம் சிக்கிப் பொட்டலத்துடன் உட்கார்ந்திருப்பது நான்தான்.

அப்போது பின்னால் டீக்கடைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். சிரிப்பின் கடைசியில் ஒரு விக்கல்.

வண்டிக்குள் இருந்தவனுக்கு அது எப்படிக் கேட்டது என்று கேட்காதீர்கள். எழுதிவிட்டேன், அழிக்க மாட்டேன்.

தேவநேசன் ஜெபித்து முடித்துவிட்டார். கண் திறக்காமல் மகளின் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு திரும்புகிறாள். டீக்கடையில் நாலைந்து ஆண்கள். எல்லோருக்கும் காது இருக்கிறது.

"ஜெரோஷ்!" என்று கூப்பிட வாயைத் திறக்கிறாள். வண்டி வந்துவிட்டது.

நான் கண்டது இவ்வளவுதான், இதற்கு மேல் எழுத மாட்டேன். அந்த ஒரு சொல் இப்போது உங்கள் வாயில் இருக்கிறது. பழக்கதோஷத்தில் ஆமென் சொல்லித் தொலைத்துவிடாதீர்கள். பெரியவர் இன்னும் கண் திறக்கவில்லை. அவள் கூப்பிட்டு முடிக்கட்டும்.