பேர் மாற்றிய பாட்டு

குணலட்சுமி ரீச்சர் இருபத்திரண்டு வருடங்களாகக் கல்வெட்டு எழுதினார். யாராவது இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக, இறந்தவரின் படமும் வரலாறும் புலம்பல் பாட்டுகளும் சேர்த்து அச்சடிக்கும் சிறு புத்தகத்துக்குத்தான் அவருடைய ஊர்ப் பக்கத்தில் கல்வெட்டு என்று பெயர். கோப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த அவரிடம் பள்ளி அதிபர் ஒருமுறை தன் தகப்பனுக்காக எழுதித் தரும்படி கேட்டார். நன்றாக இருக்கிறதென்று பேச்சுப் பரவியது. அதன் பிறகு கேட்டு வருகிறவர்கள் நிற்கவேயில்லை.

கொக்குவிலில் அவர் வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்து, "நல்ல மனுசன் ரீச்சர், ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் செய்யேல்லை" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்குச் சொல்ல வராது. மிச்சத்தை அவர்தான் இட்டு நிரப்ப வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சமைத்து, கொப்பிகள் திருத்திய பிறகு எழுதுவார். மனைவி பாடுவதாக ஒன்று, பிள்ளைகள் பாடுவதாக ஒன்று. தொடக்கத்தில் எழுதும்போது அவருக்கே கண் கலங்கியதுண்டு. பிறகு அது நின்றுவிட்டது. வாசிக்கிறவர்கள் அழுவது மட்டும் குறையவில்லை. அது முதலில் ஆச்சரியமாக இருந்தது, பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது, கடைசியில் ஒன்றுமாகவே தோன்றவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் அவருடைய கணவர் இராசநாயகம் கடைக்குப் போய் வந்து, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, நெஞ்சு நோகிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஊருக்கெல்லாம் எழுதியவர் சொந்தக் கணவருக்கு எப்படி எழுதப் போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். உட்கார்ந்தார். முதல் வரி வந்தது. அது முன்பு ஒரு தபாலதிபருக்கு எழுதியது. வெட்டினார். அடுத்தது ஒரு கடைக்காரருக்கு எழுதியது. துணை, தூண், நிழல், விளக்கு எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்து முடித்திருந்தார். நான்கு நாட்கள் இப்படிப் போயின. ஐந்தாம் நாள் கொப்பியை மூடிவிட்டுப் படுத்துவிட்டார்.

இருபத்தைந்தாம் நாள் அச்சகத்திலிருந்து ஜெறோம் போன் எடுத்தான்.

"ரீச்சர், இனியும் பிந்தினா அடிச்சுக் குடுக்க ஏலாது."

"என்னாலை எழுத ஏலாமல் கிடக்கு ஜெறோம்."

"உங்கடை பழைய பாட்டெல்லாம் என்ரை கொம்பியூட்டரிலை இருக்கு. நல்லதா ஒண்டை எடுத்துப் பேரை மாத்திப் போடட்டே?"

வேண்டாம் என்று சொல்லக்கூடக் களைப்பாக இருந்தது. "போடுங்கோ" என்றார். எதைப் போடப் போகிறான் என்று கேட்கவில்லை. கொழும்பிலிருந்து வந்து நின்ற மகள் கஜந்தினிதான் எழுத்துப் பிழை பார்த்து அனுப்பினாள்.

முப்பத்தோராம் நாள் காலையில் கீரிமலையில் கிரியை முடிந்தது. மத்தியானம் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டவர்களுக்குக் கஜந்தினி கல்வெட்டைக் கொடுத்துக்கொண்டு வந்தாள். பெண்கள் வாசித்து மூக்கை உறிஞ்சினார்கள். "ரீச்சர் மனசைப் பிழிஞ்சு எழுதியிருக்கிறா" என்று யாரோ சொன்னது கேட்டது. குணலட்சுமி அப்போதுதான் ஒன்றை எடுத்து விரித்தார்.

தான்குளிக்கப் போகையிலே எனக்கும்ஒரு வாளி
தளும்பாமல் இறைத்துவைத்துப் போனவரே எங்கே

அவருக்கு உடனே தெரிந்தது. நான்கு வருடங்களுக்கு முன் கோப்பாயில் தோட்டம் செய்த தம்பிஐயாவுக்காக எழுதிய பாட்டு. தம்பிஐயாவின் மனைவி மனோன்மணி, அதே புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். குணலட்சுமி எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்தார்.

"இது என்ரை மனுசன்ரை பாட்டெல்லே ரீச்சர்" என்றார் மனோன்மணி, மெதுவாக.

"ஓம் அக்கா. என்னாலை எழுத ஏலாமல் போச்சு. ஜெறோம் பழசிலை ஒண்டை எடுத்தவன். எதெண்டு நான் பாக்கேல்லை."

"நாலு வருசமா இதை ஒவ்வொரு நாளும் வாசிக்கிறன். இப்ப வேறை படத்துக்குக் கீழை பாக்க, ஆரோ என்ரை சீலையை உடுத்துக்கொண்டு நிக்கிற மாதிரிக் கிடக்கு."

பொய் சொல்லக் குணலட்சுமிக்குத் தெம்பில்லை. "அக்கா, அந்த வாளி உங்கடை வீட்டு வாளி இல்லை. நீங்கள் வந்து நல்ல மனுசன், தோட்டக்காரன் எண்டு மட்டும்தான் சொன்னனீங்கள். எழுத எனக்கு ஒண்டும் இருக்கேல்லை. இவர்தான் எனக்குத் தோள் நோ எண்டு விடியக்காலமை ஒரு வாளி அள்ளி வைக்கிறவர். அதை எடுத்து எழுதிப்போட்டன்."

மனோன்மணி அவரை விளங்காமல் பார்த்தார். "இல்லையே. அவரும் எனக்கு அள்ளி வைச்சவர். வெங்காயத்துக்குத் தண்ணி கட்டப் போக முன்னம். நீல வாளி."

"அதை நீங்கள் எனக்குச் சொல்லேல்லை."

"சொல்லேல்லைத்தான். உங்கடை பாட்டை வாசிச்சாப் பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது."

அந்த முகத்தில் பொய் இல்லை. தம்பிஐயா உண்மையிலேயே தண்ணீர் அள்ளி வைத்திருக்கலாம். அல்லது, ஒரு நாள் களைத்துப்போய் இட்டு நிரப்பிய இரண்டு வரி, நடக்காத காலைகளை அந்த மனுசிக்கு உண்டாக்கிக் கொடுத்திருக்கலாம். அப்படியென்றால் அது நல்லதா, பாவமா? யோசிக்கக் குணலட்சுமியால் முடியவில்லை. "அப்ப அது அவரின்ரையுந்தான்" என்றார். மனோன்மணி தலையாட்டிவிட்டு, கல்வெட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கஜந்தினி கேட்டாள்.

"அம்மா, அப்பா அப்பிடித் தண்ணி அள்ளி வைக்கிறவரோ? நான் கண்டதில்லை."

"நீ எழும்ப முன்னம்."

"அதைப் பற்றி அவரோடை ஏதும் கதைச்சனீங்களோ?"

"இல்லை. கண்ட மாதிரியே காட்டிக்கொள்ளேல்லை. தம்பிஐயாவின்ரை கல்வெட்டிலை எழுதினனான்."

"அப்பா அதை வாசிச்சவரோ?"

"அவர் நான் எழுதின ஒண்டையும் வாசிக்கிறேல்லை பிள்ளை. செத்தவீட்டுப் பாட்டு வீட்டுக்குள்ளை வேண்டாம் எண்டுவார்."

அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. முப்பத்தொரு நாளில் முதல் தடவையாக. மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

கார்த்திகைக்குப் பிறகு மறுபடியும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர் மறுக்கவில்லை. தைப்பொங்கல் கழிந்த கிழமை ஜெறோம் வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"கோவிக்கக்கூடாது ரீச்சர். முந்தின மாதிரி இல்லையெண்டு சனம் சொல்லுது. அழுகை வருகுதில்லையாம்."

"தெரியும். இப்ப அவையள் சொல்லுறதை மட்டும்தான் எழுதுறன்."

"கொஞ்சம் சேர்த்து எழுதினா என்ன?"

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "பாப்பம்" என்றார். விறாந்தையில் ஒரு குடும்பம் காத்திருந்தது. தாய்க்கு எண்பத்தொரு வயது, நல்ல மனுசி என்றார்கள். வேறென்ன என்று கேட்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.